தாய் இருக்கும் அனாதைகள்

நேபாளத்தின் வடமேற்கு மூலையில், திபெத் எல்லையை ஒட்டி, ஹும்லா என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்கே 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் சாலை கிடையாது. சிமிகோட்டுக்குச் சின்ன விமானத்தில் போக வேண்டும், இல்லாவிட்டால் நாள்கணக்கில் நடை. பிள்ளைகளையும் மாவோயிஸ்டுகள் படைக்கு இழுத்துப்போன நேரம். அப்போதுதான் தரகர்கள் மலையேறி வந்தார்கள். காத்மாண்டுவில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம், உயிருக்கும் பயமில்லை என்றார்கள். பெற்றவர்கள் நிலத்தை விற்றும் கடனை வாங்கியும் பணத்தைக் கையில் கொடுத்துப் பிள்ளையை அனுப்பினார்கள். அப்படிப் போன பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே இல்லை. தாய் தகப்பன் செத்துப்போனதாகப் பொய்ச் சான்றிதழ் தயார் செய்து, அவர்களை அனாதை இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கானர் கிரென்னன் என்ற அமெரிக்க இளைஞர் 2004இல் காத்மாண்டுக்குத் தெற்கே கோதாவரி கிராமத்தில் உள்ள ஓர் இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போனார். உலகம் சுற்றக் கிளம்பியவர், நடுவில் கொஞ்சநாள் அனாதைப் பிள்ளைகளோடு இருந்தேன் என்றால் பார்ப்பவர்கள் மெச்சுவார்கள் என்று நினைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஒருநாள் அந்த இல்லத்துக்கு ஒரு பெண் வந்து நின்றாள். அங்கே இருந்த இரண்டு பையன்களைப் பெற்றவள். செத்துப்போனதாக எழுதப்பட்டிருந்த தாய்! அந்தப் பையன்களைக் கொண்டுபோன அதே தரகன் கொண்டுவந்து விட்ட வேறு ஏழு பிள்ளைகளை அவள் தன் குச்சிலில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு ஒரு நல்ல இடம் ஏற்பாடாவதற்குள் தரகன் ஏழு பேரையும் எங்கோ கொண்டுபோய்விட்டான். அவர்களைத் தேடத்தான் 2006இல் நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள் என்ற சின்ன அமைப்பைத் தொடங்கினார் கிரென்னன். பிறகு இல்லத்துப் பிள்ளைகளின் புகைப்படங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஹும்லா மலையில் ஊர் ஊராக நடந்தார். படத்தைக் காட்டி, இது உங்கள் பிள்ளையா என்று கேட்பார். வருஷக்கணக்கில் தகவலே இல்லாத மகனின் முகத்தை ஒரு தாய் அப்படிப் பார்க்கிறாள். பிள்ளைகள் அனாதை என்றே ஊரை நம்பவைத்திருந்தார்கள், மலையிலோ வீடு வீடாகத் தாயும் தகப்பனும் இருந்தார்கள்.

இது ஒரு மாவட்டத்துக் கதை மட்டுமில்லை. நேபாளத்து இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் சுமார் 85 சதவீதம் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததாகக் கணக்கு.

நான் கூட்டுறவு வங்கியில் லெட்ஜர் எழுதிக் கிழவனானவன். ஒரு கிளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று பார்த்தாலே, அது யாரை நம்பி நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். நேபாளத்தில் வறுமை அதிகம் மலை மாவட்டங்களில். பதிவு பெற்ற இல்லங்களிலோ சுமார் 90 சதவீதம் ஐந்தே மாவட்டங்களில் இருப்பதாக யுனிசெப் சொன்னது, அதுவும் 75 மாவட்டங்கள் இருந்த நாட்டில். அந்த ஐந்து எவை? காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்ரா இருக்கும் காஸ்கி, காண்டாமிருகம் பார்க்கப் போகிற சித்வன். எல்லாம் சுற்றுலாக்காரர் இறங்குகிற இடங்கள். பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்த்து இல்லம் கட்டவில்லை, நன்கொடை எங்கே இறங்குகிறது என்று பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்து சுமார் 9,000 பேர் மாண்டபோது, பிள்ளைகளைத் தகுந்த பெரியவர் துணையில்லாமல் வெளியூர் கொண்டுபோகக் கூடாது, புது இல்லங்களுக்குப் பதிவு கிடையாது என்று அரசு அவசரமாகத் தடை போட்டது. இரக்கம் பெருகுகிற நேரத்தில் தரகரும் பெருகுவார் என்று அவர்களுக்கு அனுபவம்.

என் தங்கையின் பேரனிடம் இதையெல்லாம் நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பெங்களூரில் ஐ.டி. வேலை. "தாத்தா, லீவுக்கு நேபாளம் போறேன். ரெண்டு வாரம் ஒரு ஆர்ஃபனேஜ்ல தங்கி பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரப் போறேன்" என்றான். தங்கவும் சாப்பிடவும் அவனே பணம் கட்டுகிறான். தங்கமான பையன், அவன் மனசைக் குறை சொல்ல எனக்கு வாய் வருமா? (நம் ஊரிலும் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போட்டு, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ எடுக்கிறோம். அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.)

"இரண்டு வாரம் உன் தோளில் தொங்குகிற பிள்ளை மூன்றாவது வாரம் என்னடா செய்யும்?" என்று கேட்டேன். அடுத்து வருகிறவன் தோளில் தொங்கும். அப்படி வருவோரும் போவோருமாகவே வளர்ந்த பிள்ளை யாரை நம்பும்? ருமேனியாவின் புக்காரெஸ்டில் 2000இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். காப்பகக் குழந்தைகள் 136 பேர். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேர் வழக்கம்போல் காப்பகப் பராமரிப்பில். இரண்டு வயதுக்குள் ஒரு வீட்டுக்குப் போன குழந்தைகள், யாரிடமாவது ஒட்டிக்கொள்வதில் நன்றாகவே தேறினார்கள். ஆக, நிஜமாகவே பெற்றோர் இல்லாத பிள்ளைக்கும் வேண்டியது ஒரு வீடு: பாட்டி, அத்தை, சித்தப்பா, யாராவது.

"அப்ப உதவியே செய்யக் கூடாதா தாத்தா?" என்றான். செய்யலாம், ஆனால் அந்த உதவி கண்ணுக்கு அழகாக இருக்காது. விதவைத் தாய்க்கு இரண்டு ஆடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சீருடை, ஒழுகுகிற கூரைக்குத் தகரம். எல்லாவற்றையும்விட, மாதாமாதம் மலையேறிப் போய் அந்த வீட்டை எட்டிப் பார்த்து வரும் ஆளுக்குச் சம்பளம். நன்கொடை கொடுப்பவர்கள் முகம் சுளிப்பது அந்தச் சம்பளத்துக்குத்தான், வேலை நடப்பதும் அந்த ஆளால்தான். வருஷக்கணக்கில் நகரத்தில் இருந்த பிள்ளையை ஒரே நாளில் கொண்டுபோய் விட்டுவிட முடியாது. முதலில் போனில் பேச வேண்டும், பிறகு பண்டிகைக்குப் போய்வர வேண்டும், அப்புறம்தான் வீடு. ஊர்ப் பேச்சு மறந்துபோயிருக்கும், மாடு மேய்க்கப் பிடிக்காது. பெரிய பிள்ளைகளில் சிலர் வரமாட்டேன் என்றே சொல்வார்கள். அவர்களுக்கு உறவையாவது மீட்டுத் தரலாம். சில வீடுகளில் அடி உதை, குடி. அங்கே திருப்பி அனுப்பவும் கூடாது. நேபாளம் 2018இல் கொண்டுவந்த குழந்தைகள் சட்டம் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. கடைசி வழியும் தேவைப்படுகிறவர்கள் உண்டு.

அந்த இல்லத்தாரிடம் அவனைக் கேட்கச் சொன்னது மூன்று கேள்விகள். பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் எப்போது வந்து பார்க்கிறார்கள்? போன வருஷம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? என்னிடம் போலீஸ் சான்றிதழ் கேட்பீர்களா? ஊர் பேர் தெரியாத ஆளை நேரே பிள்ளைகள் தூங்குகிற அறைவரை விடுகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

எழுதிக் கேட்டான். பதில் வந்தது: தங்கும் அறையின் படம், கட்டண விவரம், பிள்ளைகள் கும்பிட்டு வரவேற்கும் வீடியோ. மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லை. டிக்கெட்டை அவன் ரத்து செய்யவில்லை, அன்னபூர்ணா பக்கம் மலையேறப் போகிறான். மூட்டை தூக்கி வருகிறவரிடம் கூலியில் பேரம் பேசாதே, அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.