குறுக்கே ஓடும் ஊடை

இணைகோடுகள் என்றால் என்ன என்று ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், "ஒன்றையொன்று தொடாத கோடுகள்" என்று சட்டென்று சொல்வார்கள். உடனே கரும்பலகையில் ஒன்றை நோக்கி ஒன்று லேசாகச் சாய்ந்த இரண்டு சிறு கோடுகளைத் தொடாமல் போட்டு, "இவை இணையா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு ஆமாம் என்று கை தூக்கும். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. பலகையில் நாம் வரைவதெல்லாம் கோட்டுத்துண்டுகள்தான். அவற்றுக்கு இரண்டு முனை உண்டு; அளவுகோலை வைத்தால் நீளம் தெரிந்துவிடும். கோட்டுக்கோ முனையே கிடையாது, இருபுறமும் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு துண்டுகள் இணையா என்று பார்ப்பதற்கு, அவற்றை நீட்டினால் வரும் கோடுகளைப் பார்க்க வேண்டும். துண்டைக் காட்டிவிட்டு முடிவில்லாத ஒன்றைப் பற்றிக் கேட்கிறோம் என்பதை யாரும் அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு தண்டவாளம். திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமத்துக்காரர்களுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை–திண்டுக்கல் பாதை, அம்பாத்துரை நிலையம். அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர். அந்த இடைவெளி மாறாமல் போவதைக் காட்ட நல்ல உதாரணம்தான். இருந்தாலும் எனக்கு அதில் முழு மனம் இல்லை. பாதை வளைகிற இடத்தில் தண்டவாளமும் வளைகிறது. வளைந்தபின் அது நேர்கோடே அல்ல. நேராகப் போகிற இடத்திலோ, தூரத்தில் இரண்டும் சேர்ந்துவிட்டதாகக் கண் சொல்கிறது.

நான் பிள்ளைகளைச் சின்னாளப்பட்டிப் பக்கம் அழைத்துப் போகச் சொல்வேன். காந்திகிராமத்தை ஒட்டியிருக்கும் நெசவூர் அது, சேலைக்குப் பேர்போனது. ஒரு கைத்தறியின் பக்கத்தில் குனிந்து பாவு நூலை, அதாவது நெடுக்கு இழைகளை, பாருங்கள். நூற்றுக்கணக்கான இழைகள் விறைப்பாக நீண்டு நிற்கும். ஒரு முனை பாவு சுற்றிய உருளையில், மறு முனை நெய்த துணி சுற்றும் உருளையில். ஆக, நடுவில் தெரிகிற ஒவ்வொரு இழையும் கோட்டுத்துண்டு. அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் காப்பது அச்சு. சீப்புப் போலிருக்கும் அதன் பற்களுக்கு இடையே இழைகள் புகுந்து வருகின்றன. பல்லுக்குப் பல் இடைவெளி ஒன்றே. நெய்பவர் அச்சைத் தம் பக்கம் இழுத்து அடிக்கும் நேரத்திலும் இழைகள் நெருங்குவதில்லை, விலகுவதில்லை.

இனி குறுக்கு நூலைச் சுமந்து நாடா பாய்வதைக் கவனியுங்கள். அது விட்டுச் செல்லும் ஊடை, பாவின் எல்லா இழைகளையும் குறுக்கே வெட்டிப் போகிறது. பாடப்புத்தகம் குறுக்குவெட்டி என்று சொல்வதை இங்கே கையால் தொடலாம். ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தம் முதல் புத்தகத்தில் நிறுவிக் காட்டியது இதுதான்: ஒரு குறுக்குவெட்டி இரண்டு கோடுகளை வெட்டும்போது ஒத்த கோணங்கள் சமமாக இருந்தால், அந்தக் கோடுகள் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்கமாட்டா. முடிவில்லாத தூரம் போய்ப் பார்த்துவிட்டு வர யாராலும் ஆகாது. போகவும் வேண்டியதில்லை. குறுக்குக் கோடு வெட்டுகிற இரண்டே இடத்தில் பாகைமானியை வைத்தால் போதும், அந்தத் தொலைவு முழுவதற்கும் பதில் கிடைத்துவிடுகிறது. பள்ளிக் கணக்கில் இதைவிடப் பெரிய அதிசயம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. இதைத்தான் மூன்று மதிப்பெண் கேள்வியாக்கி மனப்பாடம் செய்யவைக்கிறோம்.

1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதிலிருந்தே கற்பிக்கச் சொன்னது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கியது அந்த வழியில்தான். நூற்பையும் நெசவையும் வைத்துக் கணக்குச் சொல்லித்தருவது என்றதும் எல்லாரும் சிட்டத்தின் நீளம், கூலி, துணி விலை என்று எண்கணிதத்துக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் தறியில் அதைவிட அதிகமாகக் கிடப்பது வடிவியல் என்பது என் எண்ணம்.

தறி கிடைக்காத ஊரில் ஒரு கட்டம் போட்ட துண்டு போதும். மேசையில் விரித்து, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். சதுரக் கட்டங்கள் சாய்ந்து சாய்சதுரமாகும். செங்கோணம் போய்விட்டது. ஒரு கோணம் 70 பாகையானால் அதை ஒட்டியது 110. ஆனால் ஒரு கட்டத்தில் என்ன கோணமோ, அதே நிலையில் பக்கத்துக் கட்டத்திலும் அதே கோணம். நெடுக ஓடும் கோடுகள் இன்னும் தங்களுக்குள் இணையாகவே இருக்கின்றன. இணை என்றால் நேர்நிமிர்ந்தோ படுத்தோதான் கிடக்கும், குறுக்குக் கோடு செங்குத்தாகத்தான் வரும் என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்பு ஒரே இழுப்பில் போய்விடும்.

இணைகோடுகளின் வரையறையில் "ஒரே தளத்தில்" என்று ஒரு சொற்றொடர் வரும். ஒப்பிக்கும்போது முதலில் விட்டுப்போவது அதுதான். மேம்பாலத்துச் சாலையும் அதன் கீழே குறுக்கே போகும் தண்டவாளமும் ஒருநாளும் சந்திப்பதில்லை; அதற்காக அவற்றை இணை என்று சொல்ல முடியுமா? பூமி உருண்டையை எடுங்கள். திண்டுக்கல் அருகே போகும் 78 பாகைத் தீர்க்கரேகையும், சென்னைக்கு அருகே போகும் 80 பாகைத் தீர்க்கரேகையும் நிலநடுக்கோட்டைச் செங்குத்தாகவே வெட்டுகின்றன. ஒத்த கோணங்கள் சமம். ஆனாலும் இரண்டும் வடதுருவத்தில் சந்தித்துவிடுகின்றன. யூக்ளிட் சொன்னது தட்டையான தளத்துக்கு. உருண்டையின் மேல் அது செல்லாது. ஏழாம் வகுப்பிலேயே இதைக் காட்டிவிடலாம். ஒரு பழைய பந்தும் மூன்று நூல்களும் இருந்தால் ஆயிற்று.