மார்ச் மாத மூலை

காட்சிக்கூடம் வடிவமைப்பது என் தொழில். அதனால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களை நினைத்தால் எனக்கு முதலில் சுவர்தான் ஞாபகம் வரும். கிருஷ்ணா நதிக்கரைத் தூபியிலிருந்து வந்த அந்தக் கற்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவரோடு சேர்த்துப் பதித்துவிட்டார்கள். அமராவதியின் வேலிக் கற்களில் இருபுறமும் செதுக்கியவை உண்டு. சுவரில் பதித்த கல்லுக்கோ முதுகே கிடையாது. சுவரின் ஈரமும் உப்பும் வேறு கல்லில் ஏறும். பெயர்த்தெடுப்பது பெரும்பாடு.

ஆகவே, பௌத்தப் பண்பாட்டுக்கென ஓர் அருங்காட்சியகம் திட்டமிடும் குழு என்னை அழைத்து, எல்லாம் நகரக்கூடியதாக வேண்டும் என்றபோது சந்தோஷப்பட்டேன். கூரையில் விளக்குத் தண்டவாளம், கழற்றி மாட்டும் தடுப்புகள், சக்கரம் வைத்த பீடங்கள். ஓலைச்சுவடிக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது, கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. நாகப்பட்டினத்துச் செப்புத் திருமேனிகள் போன்றவற்றுக்குக் கடற்காற்றின் உப்பு எதிரி. ஒரே அறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

நகரும் காட்சி நம் ஊருக்குப் புதிதும் இல்லை. நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மை வாங்கும் பெண்களைப் பாருங்கள். அடையாறில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி நட்டும் போல்ட்டும் போட்டு இரும்புப் படிகளைத் தானே முடுக்குவார். பத்தாம் நாள் அது பரணுக்குப் போய்விடும். (எங்கள் வீட்டில் கொலு கிடையாது. அது எல்லாச் சாதி வீட்டுப் பழக்கமும் அல்ல.) மற்ற பொம்மைகள் வருஷா வருஷம் இடம் மாறும், மரப்பாச்சி ஜோடி மட்டும் மேல்படியிலேயே நிற்கும். எது நிற்கும், எது நகரும் என்பதை மாமிதான் முடிவு செய்கிறார்.

தி. நகரில் நடந்த கூட்டத்தில் அந்த முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். புத்தரின் வாழ்க்கை நடுக்கூடத்தில் நிரந்தரம். ‘பெண்களும் பௌத்தமும்’ நகரும் தடுப்புகளில், மார்ச் மாதம் மட்டும். மணிமேகலையும் அங்கேதான். “ஃப்ளெக்ஸிபிளா இருக்கணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?” என்றார் ஒருவர்.

அமராவதிக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தூபிக்குக் கல் கொடுத்தவர்களில் எத்தனை பெண்கள் என்று. பிக்குணிகள், உபாசிகைகள், வணிகர் வீட்டுப் பெண்கள் தங்கள் பெயரைப் பிராகிருதத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விதிகன் என்ற தோல் தொழிலாளி, தாயையும் மனைவியையும் மகள்களையும் சேர்த்தே தன் கொடையைப் பொறித்திருக்கிறான். இவர்கள் பணம் போட்டு எழுப்பியதன் முன் இவர்களை விருந்தாளியாக நிறுத்துவதா?

வரைபடத்தைத் திருப்பிப் போட்டேன். நடுக்கூடத்தில் கொடையாளர் பெயர்ச் சுவர், நிரந்தரம். பிராமி எழுத்தின் அச்சுப்படியும் கீழே தமிழும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் கண்ணுக்கு எட்டும் உயரத்தில். புத்தரின் வாழ்க்கைக் காட்சிகள் நகரும் தடுப்புகளில். அவற்றை ஆறு மாதத்துக்கொரு முறை புதிதாக அடுக்கலாம். கதை தெரிந்ததுதானே, எந்த வரிசையிலும் தாங்கும்.

மூன்று கூட்டங்கள் ஆயின. “புத்தர் மியூசியத்துல புத்தர் சைடுலயா?” என்ற கேள்வி மூன்றிலும் வந்தது. நான்காவதில் பெயர்ச் சுவருக்கு ஒப்புதல் கிடைத்தது, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து.

அதன் எதிரே, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வசதியாகச் சாய்மானம் வைத்த ஒரு பெஞ்சும் கேட்டிருக்கிறேன். அது நகராத பெஞ்சு. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.