கேட்கப்படாத கேள்வி

பதினோராம் வகுப்பு மாணவருக்குத் ‘தாய்மை’ என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதும் பணியை நாம் ஆண்டுதோறும் கொடுத்து வந்துள்ளோம். தியாகச் சுடர், பொறுமையின் பூமி என ஒரே அச்சில் வார்த்த உவமைகளோடு வரும் கொப்பிகளுக்குத் தாராளமாகப் புள்ளிகளும் இட்டோம். எமது இரண்டாவது குழந்தை பிறந்த பின்னர் அக்கொப்பிகளைத் திருத்துவது கடினமாகிவிட்டது.

மூத்தவளுக்கு ஒரு வயது நிறைந்த வேளையில், லூப் போட்டுக்கொள்ளவா என்று எம் மனைவி கேட்டாள். ஆண்பிள்ளை ஒன்று பிறக்கட்டும் என்றார் அம்மா. நாம் ஒன்றும் சொல்லவில்லை. மேடைகளிலே பெண் விடுதலை பேசியவர் நாம். வீட்டிலோ எமது மௌனமே தீர்ப்பாயிற்று. டாக்டர் மேரி ரட்ணம் 1937இலேயே இந்நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் திறந்தவர். இன்று அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் அச்சேவை இலவசமாகவே கிடைக்கின்றது. அங்கே செல்லும் வழியை மறித்தது எமது வீட்டு வாசற்படிதான்.

அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். வீடு கொண்டாடிற்று. அவள் பாலூட்டுவாள், குளிப்பாட்டுவாள்; குழந்தையின் முகத்தைப் பாராள். அது உறங்கும் நேரத்திலும் விழித்தே கிடந்தாள். காற்றுக் கறுப்பு என்று நூல் கட்டினர். அம்மா சரக்கரைத்துக் கொடுத்தார். பிள்ளை பெற்ற உடம்பு, சில நாளிற் சரியாகிவிடும் என்றோம் நாம், பட்டதாரி ஆசிரியர்!

உண்மையைக் கண்டவர் எமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். ஊரார் இன்னும் மருத்துவிச்சி என்றே அழைப்பர். பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை அவர் கொண்டுவந்தார். 1987இல் எடின்பரோ அளவுகோல் என வெளியாகி, இன்று பல மொழிகளிலும் வழங்குவது அது. கடந்த ஏழு நாட்களில் மனம் எப்படி இருந்தது என்பதே அதன் விசாரணை. தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்னும் பத்தாவது கேள்விக்கு, “சில வேளைகளில்” என்று அவள் அடையாளமிட்டிருந்தாள்.

மருத்துவிச்சி எம்மைத் தனியே அழைத்தார். “மாஸ்ரர், இந்தப் பிள்ளை இப்ப வேணுமோ எண்டு தங்கச்சியைக் கேட்டனீங்களே?”

எமக்கு விடையில்லை.

மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வுக்குக் காரணம் ஒன்றன்று. ஹோர்மோன்களின் திடீர் வீழ்ச்சி, உறக்கமின்மை, முந்திய நோய், வறுமை, கணவனின் அடி எனப் பலவுண்டு. விரும்பிச் சுமந்தவரும் நோயுறுவர். ஆயினும் விரும்பாத கர்ப்பம் அந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை மருத்துவர் அறிவர். எமது சட்டம் அதனை அறியாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருவைக் கலைப்போரை, அப்பெண் உட்பட, சிறைக்கு அனுப்பும். வன்புணர்வுக்கு ஆளானவளுக்கேனும் விலக்களிக்க 1995இல் எடுத்த முயற்சி கைவிடப்பட்டது. 2017இன் முயற்சியும் சட்டமாகவில்லை. கருக்கலைப்பே பெண்ணின் மனத்தைச் சிதைக்கும் என்று வாதிப்போர் உளர். அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை சேர்க்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் பெண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு அவ்வாதத்துக்குச் சான்று தரவில்லை. கருக்கலைப்பு மறுக்கப்பட்டவர்களே தொடக்கத்திற் கூடுதலாகப் பதற்றமுற்றனர். காலப்போக்கில் இரு சாராரும் ஒத்த நிலையை அடைந்தனர்.

எம் மனைவி கருவைக் கலைக்கக் கேட்டவளல்லள். காலத்தைத் தானே தீர்மானிக்கக் கேட்டாள், அவ்வளவே. அதற்குச் சட்டம் தடையாக நிற்கவில்லை, நாம் நின்றோம்.

மனநல மருத்துவரிடம் சென்றோம். மாத்திரையும் பேச்சுமாகப் பல மாதங்கள் கழிந்தன. ஒருநாள் அவள் மகனைத் தூக்கி அவனது முகத்தை நெடுநேரம் பார்த்திருந்தாள். நாம் அடுக்களை வாசலிலே நின்று கண்டோம். உள்ளே போகத் துணிவு வரவில்லை.

சென்ற மாதம், சிகிச்சை நிலையத்துக்குப் போய் வருகிறேன் என்று மகனை எம் கையில் தந்தாள். எதற்கு என்று அம்மா கேட்டார். “என்ர அலுவல் மாமி,” என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தாள்.