கண்ணாடியின் கீழ்மூலை

கார் கண்ணாடியை உடைக்க முரட்டுப் பலம் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தீயணைப்பு மீட்புப் பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்களும் அப்படித்தான். ஒத்திகைக்காகப் பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்த காரின் முன் நிறுத்தினால், கிடைத்த கட்டையை ஓங்கிக் கண்ணாடியின் நட்டநடுவில் அடிப்பார்கள். கட்டை துள்ளித் திரும்பும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடி 'டஃபன்ட்' வகை. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துச் செய்வது. வெளித்தோல் முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பிறகு சுருங்க முயன்று தோலை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுபறியே அதன் பலம். நடுவில் விழும் அடியை லேசாக வளைந்து வாங்கிக்கொள்ளும். விளிம்பருகே அவ்வளவு வளைய முடியாது. அங்கே கூர்மையான, கண்ணாடியைவிடக் கடினமான ஒரு முனை தோலைத் துளைத்துவிட்டால் போதும், அடக்கிவைத்த இழுவிசை முழுவதும் விடுபட்டுவிடும்.

அதற்கென்றே இருக்கிறது ஸ்பிரிங் பஞ்ச். பேனா அளவுக் கருவி, உள்ளே சுருள்வில், நுனியில் டங்ஸ்டன் கார்பைடு. கீழ்மூலையில், விளிம்பிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, முனையை நேராக வைக்க வேண்டும். மற்றொரு உள்ளங்கையைக் கதவுச் சட்டத்தில் ஊன்றிப் பஞ்சைப் பிடித்த கைக்கு அணை கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கண்ணாடி விட்டுக்கொடுக்கும் கணத்தில் கை பாய்ந்து மணிக்கட்டு கிழியும். சீராக அழுத்தினால் வில் இறுகி 'டக்'கென்று விடுபடும். கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் வெளுத்து, கல்லுப்பாக உதிரும். சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் மட்டும் உதிராமல் விரிப்புபோலத் தொங்கும். அதை வெளிப்பக்கமாகத் தள்ளிவிட வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது, அவருக்கு மிகத் தூரத்தில் உள்ள கண்ணாடியையே நாங்கள் உடைப்போம்.

முன் கண்ணாடியில் இந்த வித்தை பலிக்காது. அது லேமினேட்டட், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம். விரிசல் விடும், வழி விடாது. வெளியிலிருந்து ரம்பம் வைத்து அறுத்துத்தான் எடுக்கிறோம். இப்போது சில கார்களில் பக்கக் கண்ணாடியும் இந்த வகையில் வருகிறது. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-ல் ஆறு தப்பிக்கும் கருவிகளைச் சோதித்தது. நான்கு கருவிகள் டஃபன்ட் கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. எந்தக் கண்ணாடி எந்த வகை என்று பெரும்பாலும் அதன் கீழ்மூலையில் அச்சிட்டிருக்கும்.

தண்ணீர் என்றால் நேரம்தான் முதல் எதிரி. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஓர் உயிர் போனது. மழைக்காலத்தில் சுரங்கப்பாதையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். கதவின் அடிவிளிம்புக்கு மேல் வெளியே 60 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால், ஒரு மீட்டர் அகலக் கதவின்மேல் ஏறத்தாழ 180 கிலோ அழுத்தம். தோளால் முட்டித் திறக்கிற சங்கதியல்ல. ஒருவேளை திறந்துவிட்டாலும், வெள்ளம் உள்ளே பாய்ந்து கார் இன்னும் வேகமாக மூழ்கும்.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், ஆட்களோடு கார்களைத் தண்ணீரில் இறக்கியே ஆய்வு செய்தவர். கார் மிதக்கும் அந்த முதல் ஒரு நிமிடத்துக்கு அவர் சொல்லும் வரிசையைத்தான் நானும் சொல்லித்தருகிறேன்: பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, பிள்ளைகளை முதலில் அனுப்பு, நீயும் வெளியேறு. போனை எடுக்காதே. பவர் விண்டோ தண்ணீர் பட்டவுடனே செத்துவிடாது. சற்று நேரம் வேலை செய்யும். தண்ணீர் கண்ணாடிவரை ஏறிவிட்டால்தான் அது இறங்க மறுக்கும். உடைப்பது அதற்குப் பிறகுதான். அப்போதும் ஸ்பிரிங் பஞ்ச்தான் கைகொடுக்கும். தண்ணீருக்குள் சுத்தியலை வீசினால் வேகம் செத்துவிடும். இன்ஜின் கனத்தால் முன்பகுதி முதலில் தாழும் என்பதால், பின்பக்கக் கண்ணாடிகள் சற்று அதிக நேரம் மேலே இருக்கும்.

சீட்டின் ஹெட்ரெஸ்ட்டே கண்ணாடி உடைக்கத்தான் வைக்கப்பட்டது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையல்ல. வேறு வழியே இல்லையென்றால் அதன் கம்பியைக் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே செருகி நெம்பிப் பார்க்கலாம். அதை நம்பிக் கருவி வாங்காமல் இருப்பது தவறு. வாங்கியதை டிக்கியிலோ டேஷ்போர்டு பெட்டியின் அடியிலோ போட்டுவைப்பதும் தவறு. கார் கவிழ்ந்தால் பொருளெல்லாம் இடம் மாறும். பெல்ட் இறுகிய நிலையிலும் கை எட்டுகிற இடத்தில், அசையாமல் மாட்டிவையுங்கள்.

தகவல் வந்த மறுகணமே எங்கள் வண்டி கிளம்பிவிடும். ஆனால் எவ்வளவு விரட்டினாலும் அந்த முதல் நிமிடத்துக்குள் வந்து சேர முடியாது. அந்த நிமிடத்தில் காருக்குள் இருப்பவரே மீட்பாளர். ஆகவே இன்றே உங்கள் காரைச் சுற்றிவந்து ஒவ்வொரு கண்ணாடியின் கீழ்மூலையையும் படியுங்கள். உடையக்கூடியது எது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். பின்சீட்டுப் பிள்ளைகளுக்குத் தாங்களே பெல்ட்டைக் கழற்றிக்கொள்ளப் பழக்குங்கள்.