காது கொடுத்துக் கேட்ட கார்கள்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

ஆண்டு மலர் என்றால் பாதிப் பக்கம் அன்னை, நட்பு, 'இளைஞனே எழுந்து வா!' மீதிப் பக்கம் காதல் கவிதை. குறை சொல்லவில்லை நண்பர்களே, எனக்குக் கவிதை வராது, அவ்வளவுதான். எனக்கு வருவது என்ஜின். அதனால் கார் சத்தத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். பக்கத்து பெஞ்சுக்காரன் உடனே கேட்டான்: "குன்னத்தூர்ல ஃபெராரி எப்படா வந்துச்சு?"

வரவில்லைதான். நம்ம ரோட்டில் ஓடுவது பனியன் கம்பெனி வேன், பீஸ் மூட்டை ஏற்றிய டெம்போ, டவுன் பஸ். எப்போதாவது பெருந்துறை ரோட்டில் ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 போனால் டீக்கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வண்டி 1996-லேயே உற்பத்தி நின்றுபோனது. எங்கள் வயதுப் பையன்கள் பிறப்பதற்கும் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தி! ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம், அது ஆர்எக்ஸ் 100 என்று. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். அதைவிடப் பெரிய, வேகமான வண்டி இன்று தெருவுக்கு நாலு நிற்கிறது. அதற்கெல்லாம் யாரும் திரும்புவதில்லை. ஏன்?

இந்தக் கேள்வி பைக்கோடு நிற்கவில்லை. உலகத்தில் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் எல்லாரும் சண்டை போடுவது இதற்காகத்தான். பழைய காருக்கு உயிர் உண்டு, புதுக் கார் செல்போன் மாதிரி என்று ஒரு கட்சி. புதுக் கார் வேகம், சிக்கனம், பத்திரம். பழசு வெறும் இரைச்சல் என்று இன்னொரு கட்சி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. (பயப்படாதீர்கள், அரியர் வைக்கிற அளவுக்குப் பெரியது இல்லை.) தெர்மல் லேபில் வால்வ் டைமிங் டயக்ராம் போட்டோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். நம்ம கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்றில் இறங்கினார். இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஆள். அவர் ஓட்டிய ஜோர்டான் காரில் இருந்தது டொயோட்டாவின் 3 லிட்டர் வி-10. நிமிடத்துக்கு 18,000 சுற்று என்று வைத்தால் விநாடிக்கு 300. பத்து சிலிண்டர் என்பதால் ஒரு சுற்றுக்கு ஐந்து வெடிப்பு. ஆக விநாடிக்கு 1,500 வெடிப்பு! அது இரைச்சலே இல்லை, ஒரு ஸ்வரம். செல்லில் போட்டுக் கேட்டாலே கையில் மயிர் நிற்கும்.

எல்லா அணிகளும் வி-10 ஓட்டிய கடைசி சீசன் அதுதான். 2006-ல் 2.4 லிட்டர் வி-8 வந்தது. 2014-ல் 1.6 லிட்டர் வி-6, டர்போ, கூடவே மின்சார மோட்டார். 12,000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 600 வெடிப்பு. போதாததற்கு வெளியே வருகிற புகையின் வேகத்தை டர்பைன் வேறு வாங்கிக்கொள்கிறது. மெல்போர்னில் முதல் பந்தயம் நடந்ததும் சத்தமே இல்லையே என்று ஜனங்கள் மட்டுமல்ல, பந்தயத்தை நடத்தியவர்களே புகார் செய்தார்கள். அந்த மே மாதம் மெர்சிடிஸ் என்ன செய்தது தெரியுமா? சைலன்சர் முனையில் நாதஸ்வர அணைசு மாதிரி வாய் விரிந்த ஒரு குழாயைப் பொருத்திப் பார்த்தது! எடுபடவில்லை. 2016-ல் வேஸ்ட்கேட்டுக்குத் தனிக் குழாய் வைக்க வேண்டும் என்று விதியே போட்டார்கள், சத்தத்துக்காக.

இதே கதை ரோட்டுக் காரிலும். ஃபெராரி 458 டர்போ இல்லாமல் 9,000 சுற்று வரை கத்தும். 2015-ல் அதன் இடத்துக்கு வந்த 488-க்கு டர்போ. போர்ஷே 911 ஆரம்பத்திலிருந்து 1998 வரை காற்றில் குளிரும் என்ஜின், நம்ம புல்லட் மாதிரி. அப்புறம் தண்ணீர். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நின்றால் உள்ளே நடப்பது வெளியே கேட்பது குறைந்துபோகும். போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி.

சரி, புதுசு என்றால் மட்டமா? அப்படிச் சொல்ல நம் படிப்பு விடாது. ஹீட் பேலன்ஸ் ஷீட் போட்டவர்களுக்குத் தெரியும். சாதாரண என்ஜினில் பெட்ரோல் தருகிற வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. ஒரு பங்கு தண்ணீரோடு, ஒரு பங்கு புகையோடு. அந்த வி-6 ஹைப்ரிட்டை வைத்து மெர்சிடிஸ் 2017-ல் சோதனை மேடையில் ஐம்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. புகையோடு போனதைப் பிடித்து வேலை வாங்கியதால்தான் அது முடிந்தது. நாம் ரசித்த சத்தம், வீணாய்ப் போன சக்தியின் கூட வந்தது. என்ஜினியரிங் மார்க் போடுவதென்றால் புதுசுக்குத்தான் போடவேண்டும். நானும் போடுவேன்.

ஆனால் புதுக் கார்க்காரர்களே அந்த மார்க்கோடு திருப்தி அடையவில்லையே! 2011-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 காரில் என்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே போட்டார்கள். ஹூண்டாய் ஐயோனிக் 5 என் மின்சாரக் கார். கியரே கிடையாது. இருந்தும் கியர் மாற்றுகிற மாதிரி ஒரு இழுப்பு, ஒரு சத்தம், எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்காவின் டாட்ஜ் சார்ஜரும் மின்சாரத்துக்கு மாறியது. சத்தம் வேண்டும் என்று காருக்கு அடியில் ஒரு பெட்டியும் ஸ்பீக்கரும் வைத்து 126 டெசிபல் என்று விளம்பரம் செய்தார்கள். சிரிப்பு வருகிறது அல்லவா? கல்யாண வீட்டில் மேளக்காரர் வரவில்லை என்று கேசட் போட்ட கதை.

நம்ம ஊரில் சைலன்சரைப் பிய்த்து, உள்ளே இருக்கும் தகட்டை எடுத்துவிட்டு 'டமார் டமார்' என்று போகிற பையன்களையும் நான் இந்த லிஸ்ட்டில்தான் சேர்ப்பேன். 2019-ல் திருத்திய சட்டப்படி அதற்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை விடுங்கள். என்ஜின் ஒரு குண்டுமணி வேலைகூட அதிகம் செய்யவில்லை, சத்தம் மட்டும் பத்து மடங்கு. அது ஸ்பீக்கரைவிடப் பெரிய பொய். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சத்தம் அப்படி யாரும் சேர்த்தது இல்லை. அது வேலை செய்கிறபோது தானாக வந்தது. கியர் எப்போது மாற்றுவது, வால்வ் எப்போது தட்டுகிறது, கலவை எப்போது குறைகிறது, எல்லாம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தது.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் அப்பாவிடம் தெரிந்துகொண்டேன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அப்பா இருபத்தைந்து வருஷமாகத் தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஐந்தாவது, அம்மா மூன்றாவது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் தறிக்குடோனுக்குத்தான் போவேன். ஒரே நேரத்தில் எட்டுத் தறி. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடும். வாயைத் திறந்து பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, சைகைதான். அந்த இரைச்சலுக்குள் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். திடீரென்று திரும்பி ஆறாம் தறியை நிறுத்துவார். நாடாவை அடிக்கிற கட்டையில் தோல் தேய்ந்திருக்கும். நான் பார்த்தபோது எனக்கு எட்டும் ஒரே இரைச்சல். அவருக்கு எட்டும் எட்டுக் குரல்.

அதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். போன வருஷம் திருப்பூரில் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு கிராஃப் போட்டுக் கொடுத்தார். நமக்குத்தான் கிராஃப் படிக்கத் தெரியுமே! 250, 500, 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஓரளவு நேராக வருகிறது. 2000-ல் சரிகிறது. 4000-ல் குழி. நாள்பட்ட இரைச்சலில் காது முதலில் அந்த இடத்தில்தான் போகுமாம். செல் மணி அடித்தால் அப்பாவுக்குத் தெரியாது. காலையில் கரிச்சான் கத்துவது தெரியாது. அம்மா கூப்பிட்டால் குரல் கேட்கிறது, வார்த்தை பிரிவதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று தொழிற்சாலை விதிகளில் இருக்கிறது. இண்டஸ்ட்ரியல் சேஃப்டி பாடத்தில் இரண்டு மார்க் கேள்வி அது. அப்பா நின்ற குடோன்களில் அந்த வரம்பை யாரும் அளந்து பார்த்ததில்லை. காதுக்குச் செருகுவதற்கு நான் பிளக் வாங்கிக் கொடுத்தேன். ஒரே நாள் போட்டுவிட்டு, "தறி பேசறது தெரியல சாமி" என்று எடுத்து வைத்துவிட்டார்.

அந்தக் கிராஃபைப் பார்த்த பிறகு வி-10 வீடியோவைப் போடும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நான் சத்தத்தைத் தேடிப் போகிறேன். அப்பா அதற்குள்ளேயே இருந்தார். ரேஸ் பார்க்கப் போனவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். பழைய காருக்காக உருகுகிற புத்தகம் எதிலும் இந்த வித்தியாசத்தை எழுதி நான் பார்க்கவில்லை.

எப்படியோ, செட்டிபாளையத்துக்கு அப்பாவையும் கூட்டிப் போனேன். தெரியாதவர்களுக்கு: கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2003-ல் திறந்தது. கரிவர்தன் பெயர் வைத்தது. மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் என்ஜினைப் பின்னால் வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார் கட்டியவர் அவர். நம்ம பக்கத்துப் பையன்களும் ரேஸ் ஓட்டலாம் என்று ஆனதே அந்தக் காரால்தான். விமான விபத்தில் 1995-ல் இறந்துபோனார். இன்றைக்கு அங்கே ஓடுகிற எல்ஜிபி ஃபார்முலா 4 காரில் இருப்பது ஸ்விஃப்ட் காரின் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின். நாலு சிலிண்டர், டர்போ இல்லை. ஃபெராரி ஒன்றும் இல்லை. ஆனால் பொய்ச் சத்தம் கிடையாது.

மூன்று பஸ் மாறிப் போனோம். வேலி ஓரம் நின்றதும் கூட்டமாகக் கார்கள் தாண்டின. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நான் துள்ளிக் குதித்தேன். அப்பா என்னைப் பார்த்து, "இதைக் கேக்கறதுக்கா சாமி மூணு பஸ்ஸு மாறி வந்தோம்?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. குடோனில் நிற்கிற மாதிரியே டிராக்குக்கு முதுகைக் காட்டி நின்றார். நாலைந்து ரவுண்டு கழித்துச் சொன்னார்: "அந்த மூணாவதா வர்ற வண்டி சரியில்ல."

"எப்படிங்கப்பா தெரியும்?"

"விட்டு விட்டு அடிக்குது. ஒரு தறி நின்னுட்டு மூணு ஓடற மாதிரி."

திரும்பிப் பார்த்தேன், நீல வண்டி. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு ரவுண்டு கழித்து அது வேகம் குறைந்து பிட்டுக்குள் போனது, மறுபடி வரவில்லை. என்ன கோளாறு என்று விசாரிக்க எங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது. ஆனால் கிராஃப் எனக்கு ஞாபகம் வந்தது. நாலு சிலிண்டர், 6,000 சுற்று, விநாடிக்கு 200 வெடிப்பு. அப்பாவின் கோடு நேராக இருக்கிற இடம் அது!

நம் ஆட்டோமொபைல் லேபில் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. இரண்டாவது சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை என்றால் 'பி 0302' என்று எழுதிக் காட்டும். அருமையான கருவி. காது தேவையில்லை, அனுபவம் தேவையில்லை, என்னை மாதிரிப் பையனே பார்த்துச் சொல்லிவிடலாம். தறியும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. நாடா இல்லாத ரேப்பியர் தறியில் நூல் அறுந்தால் தானாக நிற்கும், விளக்கு எரியும். நாளைக்கு வேலைக்குப் போனால் நான் பார்க்கப்போவது அந்த விளக்கையும் அந்த நம்பரையும்தான். அதனால் என் காது பத்திரமாக இருக்கும். அப்பாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமலே போகும். இதில் எது லாபம், எது நஷ்டம் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தேன், விடை ஒவ்வொரு தடவையும் வேறுவேறாக வருகிறது. கணக்கில் கெட்டிக்காரர்கள் யாராவது போட்டுச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அப்பா. நான் ரேஸைப் பற்றி என்னென்னமோ பேசிக்கொண்டே வந்தேன், பாதி அவருக்குக் கேட்டிருக்காது. அவிநாசி தாண்டியதும் திரும்பி, "மறுபடி எப்ப நடக்குதாம்?" என்று கேட்டார். நோட்டீஸ் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"போலாம். உன்ற காதுக்குப் பஞ்சு எடுத்துக்க" என்றார்.