ஆற்றங்கரையும் அடுப்பங்கரையும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நோக்கிச் செல்லும் சாலையில் நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். காயல்பட்டினத்து உறவினர் வீட்டுத் திருமணத்திற்கென்றேனும் அவ்வழியே ஒருமுறை சென்றிருக்கக் கூடும். முக்காணியைக் கடந்ததும் தாமிரபரணியின் மீது பாலம் வரும். பாலத்தைத் தாண்டினால் ஆத்தூர். சேலத்து ஆத்தூர் அன்று இது. வெற்றிலைக்குப் பெயர் பெற்ற ஆத்தூர். சாலையோரத்துக் கொடிக்கால்களின் பசுமை கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். இவ்வூர் வெற்றிலை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

பெயரிலேயே ஆற்றைச் சுமந்து நிற்கும் ஊர் இது. பொதிகை மலையில் பிறந்த நதி, இவ்வூரைத் தாண்டிச் சிறிது தொலைவில் புன்னைக்காயலருகே கடலில் கலந்துவிடுகிறது. கடைமடைக்கு வந்து சேரும் நீரே இம்மண்ணின் செல்வம். அதே நீர் அளவு மீறினால் என்னாகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் இப்பகுதி கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரல் பாலம் சேதமடைந்தது, சாலைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரம் நின்றது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. வெள்ளம் சூழ்ந்த அந்நிலையிலும் அருகிலிருந்த கிராம மக்கள் தம்மிடம் இருந்ததைச் சமைத்து அவர்களின் பசியாற்றினர்.

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அரிசி வீட்டில் இருக்கலாம், பருப்பும் இருக்கலாம். அதைச் சோறாக்கும் நெருப்பு எங்கே? பனைமட்டையும் உடைமர விறகும் நனைந்து கிடக்கும். சிலிண்டர் தீர்ந்துவிட்டால் அடுத்தது வந்து சேரச் சாலை இராது. அத்தகைய நேரத்தில் கையிலிருக்கும் சிறிதளவு எரிபொருளைக் கொண்டு எத்தனை வேளை சமைக்க முடியும் என்பதே குடும்பத்தின் கேள்வியாகிவிடுகிறது.

இக்கேள்விக்கு நெடுங்காலமாக விடை தேடி வருபவர்கள் மலையேறும் பயணிகள். அடுப்பு, பாத்திரம், எரிபொருள் மூன்றையும் முதுகில் சுமப்பவர்கள் அவர்கள். ஆகவே ஒவ்வொரு துளியையும் மிச்சப்படுத்தும் வழிகளைக் கண்டறிந்தனர். அவற்றுள் பல, நம் வீட்டுச் சிறு அடுப்புக்கும் பொருந்துவன.

முதலாவது, காற்று. வெளியில் வீசும் காற்று சுடரைப் பாத்திரத்தின் அடியிலிருந்து விலக்கிவிடும், வெப்பம் வீணாகும். அடிப்புறத்தில் துளையிட்ட தகரத் தகடு ஒன்றை, பாத்திரத்திற்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி இருக்குமாறு வளைத்து நிறுத்தினால், சுடுகாற்று பாத்திரத்தின் பக்கங்களையும் தழுவி மேலேறும். விறகு, சிரட்டை அடுப்புகளுக்கு இது ஏற்றது. எரிவாயுக் குப்பியின் தலையிலேயே பொருத்தும் அடுப்பை மட்டும் இவ்வாறு ஒருபோதும் சூழ்ந்து மூடாதீர்கள். குப்பி சூடேறி வெடித்துவிடும்.

இரண்டாவது, பாத்திரம். உயர்ந்து குறுகியதைவிட அடி அகன்ற பாத்திரமே சுடரின் வெப்பத்தை நன்கு வாங்கும். அமெரிக்காவில் 2001இல் தொடங்கப்பட்ட ஜெட்பாய்ல் என்னும் நிறுவனம், பாத்திரத்தின் அடியில் அலையலையாக மடித்த உலோகத் தகட்டைப் பொருத்தி விற்பனை செய்கிறது. சுடர் படும் பரப்பு கூடுவதால் நீர் விரைவில் கொதிக்கிறது.

மூன்றாவது, மூடி. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் போதும். அதே நீர் முழுவதும் ஆவியாக 540 கிலோ கலோரி தேவை. கொதி வந்த பின்னர் தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் நீரின் சூடு ஏறுவதில்லை, ஆவிதான் மிகும். ஆதலால் அரிசியை முன்னரே ஊறவைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி வைத்து வேகவிடுவதே சிக்கனம். கொதித்த பாத்திரத்தை இறக்கிக் கனத்த துணியால் சுற்றிவைத்தால், எஞ்சிய வேக்காடு நெருப்பின்றியே நிகழும்.

இது நமக்குப் புதிதன்று, சகோதரிகளே! பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் நீங்கள் ‘தம்’ போடுவது இதே கலைதான்.

விறகை நம்புவோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. 1980களில் லாரி வினியார்ஸ்கி என்னும் அமெரிக்கர் வடிவமைத்த ‘ராக்கெட்’ அடுப்பைத் தகர டின்களைக் கொண்டே செய்யலாம். உள்ளே ஒரு குழல், வெளியே ஒரு பெரிய டின், இடையில் உலர்ந்த சாம்பல். சாம்பல் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பதால், குழலினுள் தீ தீவிரமாக எரிந்து புகை குறைகிறது. விறகை அடிப்பக்கத்துத் துளை வழியே சிறுகச் சிறுகச் செலுத்த வேண்டும். ஒரு சாக்குச் சிரட்டையை மழைக்கு முன்பே பரணில் ஏற்றிவைத்தால் அதுவே சேமிப்பு.

எனினும், சிக்கனத்தைவிட உயிர் பெரிது. மழைக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துக்கொண்டு அடுப்பு மூட்டினால், மணமோ நிறமோ அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு அறையில் நிறைந்து உறங்குபவரைக் கொன்றுவிடும். கூடாரமும் ரயில் பெட்டியும் அடுப்புக்கு உரிய இடமன்று. 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் கூடாரங்களில் பரவிய தீயில் 343 ஹாஜிகள் உயிர் துறந்தனர். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், தடையை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயுச் சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். சிறு அடுப்பு என்று எண்ணி அசட்டையாக இருத்தல் தகாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னர் ஒரு விடுமுறை நாளில் உங்கள் சிறு அடுப்பைத் திறந்தவெளியில் மூட்டிப் பாருங்கள். குடும்பத்தின் ஒருவேளைச் சோற்றுக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்று, மறைப்பின்றி ஒருமுறையும் மறைப்பிட்டு மூடியுடன் ஒருமுறையும் அளந்து, குறித்துவையுங்கள். மூன்று நாளைக்குரிய அளவைப் பத்திரப்படுத்துங்கள். அண்டை வீட்டுக்கும் ஒரு வேளை சேர்த்தே கணக்கிடுங்கள். வெள்ளம் ஒரு வீட்டுக்கு மட்டும் வருவதில்லை.