அழுக்குப் பூசிய வண்டி

எங்கள் உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. பராந்தகச் சோழன் காலத்திலேயே குடவோலைத் தேர்தலுக்கு விதி வகுத்துச் சுவரில் வெட்டி வைத்த ஊர்தான். ஆனால் ரயில் ஏற வேண்டுமானால் செங்கற்பட்டுக்கோ காஞ்சீபுரத்துக்கோ பஸ் பிடித்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த எங்கள் பெரியப்பா, 35 வருஷம் கூட்ஸ் கார்டாக இருந்தவர். 2022-ல் ரயில்வே அந்த உத்தியோகத்துக்கு 'டிரெயின் மானேஜர்' என்று பெயர் மாற்றியது. அதில் அவருக்கு இன்னும் கோபம். பெரியம்மா போனபின் அவர் வாய்விட்டுப் பேசியது அந்தக் கோபம் ஒன்றைத்தான்.

அவருடைய எண்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு பொம்மை வேகன் வாங்கி வந்தேன். பொம்மை என்றால் என் தம்பி மகனுக்குப் பிடிக்காது. 'மாடல்' என்று சொல்ல வேண்டுமாம். நிலக்கரி ஏற்றும் திறந்த வேகன். அசலில் 87-ல் ஒரு பங்கு. பத்தரை மீட்டருக்கு மேல் நீளமான வண்டி 12 சென்டிமீட்டரில் அடங்கியிருந்தது. செங்காவி வர்ணம் புதுமாப்பிள்ளை மாதிரி மின்னியது.

பெரியப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த ஊருக்குடா போயிட்டு வந்தது?" என்று கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. தம்பி மகன்தான் வழி சொன்னான். புது வண்டியைப் பழசாக்குவது ஒரு தனி வித்தையாம். அமெரிக்காவில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் தம் குட்டி ரயில்களுக்குத் துருவும் தூசியும் ஏற்றியே பேர் வாங்கினாராம். அவர் 1973-ல் காலமானார்; பத்தே நாளில் அந்த ரயில் உலகமும் நெருப்புக்கு இரையாயிற்று.

இரண்டு ஸ்ப்ரே டப்பாக்களோடு மொட்டை மாடிக்குப் போனேன். ஐப்பசி மாதம், அப்போதுதான் மழை விட்டிருந்தது. எழுத்தாளனுக்கு ஏது பொறுமை? புஸ்ஸென்று ஒரே அடியாக அடித்தேன். ஈரக்காற்றில் வர்ணம் வெளுத்துப் பூத்துவிட்டது.

"கல்யாணப் பூசணிக்காய் மாதிரி இருக்கு" என்றார் பெரியப்பா. பிறகு என்ன தோன்றிற்றோ, பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அழுக்கு கண்ட இடத்திலே வராதுடா. மழைத்தண்ணி கதவடியிலே நிக்கும். துரு அங்கேதான் ஆரம்பம். பிரேக் கட்டை தேய்ஞ்சு இரும்புத்தூள் பறக்கும். சக்கரமும் அடிப்பக்கமும் பழுப்பேறும். மேல் விளிம்பு கரி ஏத்தி ஏத்தி அடி வாங்கியிருக்கும்." ஒரு மணி நேரம் பேசினார். உள்ளே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தை பிறந்து வெயில் காய்ந்ததும் மறுபடி ஆரம்பித்தோம். வெளுப்பைத் தேய்த்து எடுத்தோம். வண்டி எண்ணின் மேல் டேப் ஒட்டினான் பையன். முதலில் துரு நிறம். காய்ந்ததும், பெரியப்பா சொன்ன இடங்களில் மட்டும் தண்ணீர் தொட்டுச் சமையலறை உப்பைத் தூவினோம். அந்த ஈரமும் உலர்ந்தபின் மேலே செங்காவி. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தால், ஆச்சரியம்! வர்ணம் பொரிந்து, உள்ளிருந்து துரு எட்டிப் பார்த்தது. சக்கரங்களுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டுப் பழுப்பு அடித்தோம். கடைசியில் டேப்பை உரித்து, எண்ணின் மேலும் கொஞ்சம் தூசி.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். துண்டின் நுனியால் எண்ணைத் துடைத்துப் பார்த்தார். தூசி போகவில்லை.

"எழுதிக்கோடா" என்று ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் காகிதம் தேடி உள்ளே ஓடினேன்.